எல்லாவற்றையும் ‘கல்’ என்று எழுதாதீர்கள்: நோயாளர் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பின் அரச, தனியார் வைத்தியசாலைகளுக்காக நோயாளர் துண்டுப்பிரசுரங்களையும், கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுக்கும் அறிவுறுத்தல்களையும் தமிழில் எழுதுவோர், மொழிபெயர்ப்போர், சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவோர் அனைவருக்கும்,

வணக்கம்.

தமிழில் ஈரல் மூன்று: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். கல்லீரலுக்குள் கல் இருப்பதாக எவரும் எண்ணிப் பயப்படுவதில்லை. அந்தக் ‘கல்’ உவமை என்பது பழக்கத்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்கான் ரிப்போட்டில் கல்லீரலுக்கு அடுத்த வரியில் ‘பித்தப்பைக் கல்’ என்று வந்தால், அது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மெய்யான கல். இன்னும் நாலு வரி கீழே வேறொரு ‘கல்’ வரும். அது மெய்யா உவமையா என்று படிப்பவருக்குத் தெரியாது. பல நேரங்களில் மொழிபெயர்த்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது சொல்லைப் பார்த்தாலே விளங்குகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மேலை மருத்துவச் சொற்களிலும் கற்கள் நிறைய. கிரேக்கத்து ‘லிதோஸ்’ என்றால் கல். ‘பெத்ரா’ என்றால் பாறை. இலத்தீனின் ‘கல்குலஸ்’ கூழாங்கல். எண்ணிக் கணக்குப் பார்க்கப் பயன்பட்ட சிறு கல்லும் அதுவே. ‘டோபஸ்’ என்பது துளைகள் நிறைந்த மெதுவான பாறை. ‘கலாசா’ ஆலங்கட்டி. ‘ஸ்க்ளீரோஸ்’ கல்லே அல்ல, இறுகியது என்றுதான் பொருள். இத்தனையும் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் ‘கல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழரின் வீட்டில் ‘கல்’ என்ற சொல் தனியாக வருவதில்லை. கரைக்க வேண்டும், உடைக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்ற மூன்று வினைகளையும் கூட்டிக்கொண்டு வரும். வாழைத்தண்டுச் சாறும் மூலிகைக் குடிநீரும் அன்று மாலையே அடுப்பில் ஏறிவிடும். அந்த வினைகள் பொருந்தாத நோய்க்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், நோயாளி செய்யக்கூடாததைச் செய்வார், செய்ய வேண்டியதை விட்டுவிடுவார்.

மெய்யான கல்லிலிருந்தே தொடங்குகிறோம். சிறுநீரகக் கல்லுக்குத் தமிழில் ‘கல்லடைப்பு’ என்ற நல்ல சொல் முன்பே இருக்கிறது. கல் இருப்பதை மட்டும் சொல்லாமல், அது என்ன செய்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. வலியும் ஆபத்தும் அடைப்பினால்தான் வருகின்றன. ஆகவே சிறுநீர்க்குழாயில் கல் இறங்கி நிற்கும் நிலைக்கு இந்தச் சொல்லையே எழுதுங்கள். சிறுநீரகத்துக்குள் அசையாமல் இருக்கும் கல்லுக்குச் ‘சிறுநீரகக் கல்’ போதும். இரண்டு நிலையும் வேறு, அறிவுரையும் வேறு.

‘கல் கரைய மருந்து’ என்ற தொடரை எந்தக் கல் என்று சொல்லாமல் எழுதவே கூடாது. சிறுநீரகக் கற்களில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு கல்சியம் உப்புகள், அவற்றுள்ளும் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற்று. இவை எந்த மருந்துக்கும் கரைவதில்லை. யூரிக் அமிலக் கல் கரையும். பொற்றாசியம் சித்திரேற்று கொடுத்து, சிறுநீரின் பி.எச். பெறுமானத்தை 6.5 முதல் 7 வரை உயர்த்தி வைத்திருந்தால் வாரங்களில், மாதங்களில் அது கரைந்துபோகும். 7க்கு மேல் ஏறினால் கல்சியம் பொஸ்பேற்று படியத் தொடங்கும், அதனால்தான் அளந்து கொடுக்கிறார்கள். தொற்றினால் உண்டாகும் கல் வேறு வகை. சில பக்டீரியாக்கள் யூரியாவை உடைப்பதால் மக்னீசியம் அமோனியம் பொஸ்பேற்று படிந்து, சிறுநீரகத்தின் கிளைகளை எல்லாம் நிரப்பி மான்கொம்பு போல வளரும். ரிப்போட்டில் ‘மான்கொம்புக் கல்’ என்று எழுதுவதில் தவறில்லை. அதன் பக்கத்தில் ‘தொற்றோடு சேர்ந்தது, தானே வெளியேறாது’ என்று ஒரு வரி வேண்டும்.

அளவையும் எழுதுங்கள். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். 10 மில்லிமீற்றரைத் தாண்டியவை வெளியேறுவது அரிது. ‘சிறிய கல்’, ‘பெரிய கல்’ என்பவை நோயாளிக்கு ஒன்றும் சொல்வதில்லை. வலி நின்றால் கல் போய்விட்டது என்று எண்ணுகிறவர்கள் அதிகம். கல் அடைத்தபடியே இருந்து வலி மட்டும் தணிவதும் உண்டு. எனவே சிறுநீரைத் தேத்தண்ணி வடி ஒன்றில் மெல்லிய துணி போட்டு வடித்துப் பார்க்கும்படியும், கல் அகப்பட்டால் உலரவைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்படியும் எழுத வேண்டும். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி சொல்லலாம்.

‘எக்ஸ்ரேயில் கல் இல்லை’ என்பது அடிக்கடி காணும் இன்னொரு பிழை. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, சீ.ரீ. ஸ்கானில் தெரியும். ‘எக்ஸ்ரேயில் தெரியவில்லை’ என்பதே சரி. அந்த ஒரு சொல் மாறினால் அடுத்த கிளினிக்குக்கு வருவதா இல்லையா என்ற முடிவே மாறிவிடும்.

தண்ணீர் பற்றி ‘நிறையக் குடிக்கவும்’ என்று மட்டும் எழுதி விடுகிறோம். எவ்வளவு என்பதைக் குடிக்கும் தண்ணீரால் அளப்பதைவிட வெளியேறும் சிறுநீரால் அளப்பதே சரி: நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லீற்றர். புறக்கோட்டையில் நாள் முழுதும் சுமை தூக்குகிறவரும் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவரும் ஒரே அளவு குடித்தால் ஒரே அளவு சிறுநீர் வராது, சுமை தூக்குகிறவருக்கு வியர்வையிலேயே நிறையப் போய்விடும். ஒரு நாள் முழுதும் ஒரு லீற்றர்ப் போத்தலில் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இருதயம் பலவீனமானவரும் சிறுநீரகம் செயலிழந்தவரும் தம் டொக்டரிடம் கேட்ட பிறகே தண்ணீரைக் கூட்ட வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.

சாப்பாட்டில், பாலையும் தயிரையும் நிறுத்தும்படி எழுதும் தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. கல்லில் கல்சியம் இருப்பதால் சாப்பாட்டில் கல்சியம் கூடாது என்று பெயரை வைத்துச் செய்த ஊகம் அது. நடப்பது நேர்மாறு. சாப்பாட்டோடு சேரும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. கல்சியத்தை நிறுத்தினால் ஒக்சலேற்று இரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும், கல் கூடும். நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் உணவாகவே சேர வேண்டும். குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், பக்கற் நூடில்ஸ் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், ‘சோடியம்’ என்று எழுதினால் யாருக்கும் தட்டுப்படாது. சிங்களத்தில் பிலிங் எனப்படும் பிலிம்பிக்காயும் காமரங்காயும் ஒக்சலேற்று மிகுந்தவை. அவற்றைச் செறிந்த சாறாக்கி மருந்தென்று குடிப்பது சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது.

பித்தப்பைக் கல்லுக்கு வருவோம். இதற்கும் சிறுநீரகக் கல்லுக்கும் சொல்லில் மட்டுமே உறவு. குடிக்கும் தண்ணீர் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும், பித்தப்பையைக் கழுவாது. இந்தக் கற்கள் கொலஸ்ட்ரோலால் ஆனவை, அல்லது செங்குருதிக் கலங்கள் உடைவதால் வரும் பிலிரூபின் நிறப்பொருளால் ஆனவை. தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு இரண்டாவது வகை வருவது அதனால்தான். கொலஸ்ட்ரோல் கல் சிறிதாக, கல்சியம் படியாததாக இருந்தால் அர்சோடியொக்சிகோலிக் அமிலம் கரைக்கலாம். அதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ செல்லும், நிறுத்தியபின் திரும்ப வருவதும் உண்டு. தொல்லை கொடுக்கும் கல்லுக்குப் பித்தப்பையையே அகற்றுவது வழக்கம். தொல்லை தராத கல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் குடித்துக் கல்லை வெளியேற்றும் முறை வட்ஸப்பில் ஓயாமல் சுற்றுகிறது. மறுநாள் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் பித்தப்பையிலிருந்து வந்தவை அல்ல. அந்த எண்ணெயும் சாறும் குடலுக்குள் சேர்ந்து உண்டான ஒருவகைச் சவர்க்காரம் அது. இதைத் தாளில் அச்சிடத் தயங்காதீர்கள். கல் போய்விட்டது என்று நம்பி இருந்தவருக்குக் கல் பித்தக்கானில் இறங்கிச் செங்கண்மாரியோ சதையி அழற்சியோ வரும்போது நாள் கடந்திருக்கும்.

இதில் மொழிக்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வார்ட்டில் சிங்களத்தில் சொல்லப்படும் ‘கல்’லும் தமிழ்க் ‘கல்’லும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றே. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தவர் அந்தச் சொல்லை உடனே பிடித்துக்கொள்கிறார், அதற்கு முன்னால் வந்த உறுப்பின் பெயரை விட்டுவிடுகிறார். ‘எனக்குக் கல் இருக்காம்’ என்று மட்டும் வீட்டில் வந்து சொல்வார். தமிழ்த் தாள் கையில் இருந்தால் இந்தக் குறை தீரும். ஆகவே தாளின் தலைப்பில் உறுப்பின் பெயர் முதலில், பெரிய எழுத்தில் வர வேண்டும்.

காதுக்கு வரும்போது ‘கல்’ என்ற சொல்லை முற்றாக விட்டுவிடக் கேட்கிறோம். உட்காதில் சமநிலையை உணரும் பைகளில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் எல்லோருக்கும் பிறவியிலிருந்தே உண்டு. ஒரு துகள் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்தால், படுக்கையில் புரளும்போதும் மேலே அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழல்வது போன்ற தலைசுற்று வரும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். இதைக் ‘காதில் கல்’ என்று எழுதினால் நோயாளி காதுக்குள் எண்ணெய் விடுவார், குச்சி விடுவார். துகள் இருப்பதோ செவிப்பறைக்கு அப்பால், எலும்புக்குள். ‘உட்காதுத் துகள் இடம்பெயர்தல்’ என்று எழுதுங்கள். அதை எடுக்கவோ கரைக்கவோ வேண்டாம், பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே விளங்கிவிடும்.

அப்படித் திருப்பி அனுப்பும் எப்லி முறையின் படிகளைத் தமிழில் தெளிவாக எழுதிய தாள் மிகவும் அரிது, ஆகவே இங்கே தருகிறோம். எந்தக் காது என்பதை, தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்ணசைவைப் பார்க்கும் டிக்ஸ்-ஹோல்பைக் பரிசோதனையால் டொக்டர் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வலக் காதின் பின்புறக் கால்வாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்ப வேண்டும். திருப்பியபடியே சட்டென்று மல்லாந்து படுக்க வேண்டும். அப்போது தலை கட்டில் மட்டத்துக்குக் கீழே 20 முதல் 30 பாகை சரிந்திருக்க வேண்டும்; தோளுக்கடியில் தலையணை வைத்தாலும் சரி. தலைசுற்று வந்து அடங்கும்வரை, குறைந்தது 30 விநாடி, அப்படியே இருக்க வேண்டும். பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி மீண்டும் 30 விநாடி. பிறகு உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, முகம் நிலத்தைப் பார்க்கும்படி இன்னும் 90 பாகை திரும்பி மீண்டும் 30 விநாடி. கடைசியாகக் காலைக் கீழே தொங்கவிட்டு, இடப்பக்கமாகவே மெல்ல எழுந்து உட்கார வேண்டும். இடது காதாயின் எல்லாப் பக்கமும் மாறும்.

தவறு நடக்கக்கூடியது மல்லாந்து படுக்கும் இரண்டாம் படியில். தலைசுற்றுக்குப் பயந்து இடையில் எழுந்துவிட்டால் துகள் மீண்டும் கால்வாய்க்குள்ளேயே சரிந்துவிடும். ‘இந்தப் படியில் தலைசுற்று வரும், அது சரியாக நடக்கிறது என்பதன் அடையாளம்’ என்று தடித்த எழுத்தில் போடுங்கள். கழுத்தெலும்பில் நோய் உள்ளவர் வீட்டில் செய்யக்கூடாது. தலைசுற்றோடு பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கைகால் ஒரு பக்கம் சோர்ந்தால் அது காதின் வேலை அல்ல, உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

காதோடு ஒட்டி இன்னொன்று. காதைச் சூழ்ந்த கன்னப்பொறி எலும்பின் உட்பகுதிக்கு மேலைப் பெயர் பாறையிலிருந்து வந்தது. உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு அது. ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய எலும்புக்கூடுகளில் மரபணுவைத் தேடுவோர் அந்தத் துண்டையே விரும்பி எடுக்கிறார்கள். தலை ஸ்கானில் அந்தப் பெயர் வருவது உறுப்பின் பெயராக மட்டுமே. அதைத் ‘தலையில் கல் போன்ற பகுதி’ என்று பெயர்த்துக் கொடுத்தால் ஒரு குடும்பம் அன்றிரவு உறங்காது. ‘உட்காதை மூடிய எலும்பு’ என்றால் போதும்.

கௌட் நோயில் விரல் மூட்டிலும் காது மடலிலும் முழங்கையிலும் வரும் வெள்ளைக் கட்டியைச் ‘சுண்ணாம்புக் கட்டி’ என்று எழுதுவது பெரும் பிழை. சுண்ணாம்பு என்றதும் கல்சியம், பால், வெற்றிலைச் சுண்ணாம்பு என்று எண்ணம் ஓடும். கட்டியில் இருப்பது சோடியம் யூரேற்று. ‘யூரேற்றுக் கட்டி’ என்று எழுதலாம். இரத்தத்தில் யூரிக் அமிலத்தை டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே, கட்டி உள்ளவருக்கு 5க்குக் கீழே, தொடர்ந்து வைத்திருந்தால் மாதங்களில், சிலருக்கு ஆண்டுகளில், இந்தக் கட்டி சுருங்கிக் கரைந்துபோகும். கரையும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் இது, இங்கே சொல்லாமல் விடுகிறார்கள். அலோபியூரினோல் தொடங்கிய முதல் மாதங்களில் வலி திரும்பலாம், அதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது என்பதையும் சேருங்கள்.

இனி உவமைக் கற்கள். எலும்பு நோய்களில் மேலைப் பெயரின் ஓரிரு எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘ஒஸ்டியோபொரோசிஸ்’ எலும்பில் புரை விழுவது. ‘ஒஸ்டியோபெட்ரோசிஸ்’ எலும்பு அளவுக்கு மீறி அடர்வது. ஹம்பேர்க் நகரின் கதிர்ப்பட நிபுணர் அல்பர்ஸ்-ஷோன்பெர்க் 1904இல் விவரித்த இந்த இரண்டாவது நோய்க்குச் ‘சலவைக்கல் எலும்பு’ என்றும் பெயர். பழைய எலும்பை அரித்தெடுக்கும் கலங்கள் வேலை செய்யாததால் எலும்பு குவிகிறது, எக்ஸ்ரேயில் வெள்ளைவெளேரென்று தெரிகிறது. ஆனால் அது சோக்குக் கட்டியைப் போல முறியும். எலும்புக்குள் குருதிக் கலங்களை உண்டாக்கும் மச்சைக்கு இடமில்லாமல் குருதிச்சோகை வரும். நரம்பு போகும் துளை ஒடுங்கிப் பார்வையும் கேட்கும் திறனும் குறையும். ‘கல் எலும்பு’ என்று படித்த தாய், பிள்ளைக்கு எலும்பு உறுதி என்று எண்ணி விளையாட விடுவாள். ‘அடர்ந்து எளிதில் முறியும் எலும்பு நோய்’ என்று நீளமாகவே எழுதுங்கள். நீளம் குற்றமில்லை.

‘ஸ்க்ளீரோசிஸ்’ வரும் இடமெல்லாம் ஒரே தமிழ்ச் சொல் போடுவதையும் கைவிட வேண்டும். நாடியில் நடப்பது கொழுப்புப் படிந்து சுவர் தடித்தல். ‘அதெரோஸ்க்ளீரோசிஸ்’ என்ற அதன் மேலைப் பெயரின் முற்பாதி கூழ் என்று பொருள்படும், அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது அதையே. ‘நாடிக் கொழுப்புத் தடிப்பு’ என்றால் விளங்கும். இந்தியத் தாளைப் பார்த்து ‘தமனி’ என்று எழுதாதீர்கள். நம் பாடப்புத்தகம் படித்தவருக்கு நாடியும் நாளமும்தான் தெரியும். மூளையிலும் முண்ணாணிலும் நரம்புறை அழிந்து ஆங்காங்கே தழும்பு விழும் நோய்க்கு ‘மூளை இறுகுதல்’ என்று எழுதுவது கொடுமை. ‘பலவிடத் தழும்பு’ என்பது உண்மைக்கு நெருங்கியது.

தசையும் தசைநாணும் எலும்பாக மாறும் மிக அரிய பிறவி நோய் ஒன்றை மேலைநாட்டில் ‘கல் மனிதர்’ என்பார்கள். தமிழில் அதை எழுதவே வேண்டாம். கல்நெஞ்சு என்று கொடியவரைச் சொல்லும் மொழி நம்முடையது. சாபத்தால் கல்லானவரின் கதையும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் ஒரு பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும். பெயரைவிட இந்தத் தாளில் முக்கியம் ஓர் எச்சரிக்கை. பிறக்கும்போதே இரு காற்பெருவிரல்களும் குட்டையாக, மற்ற விரல்களை நோக்கி வளைந்திருந்து, பின்னர் முதுகிலோ கழுத்திலோ வீக்கம் வந்தால், தசைக்குள் ஊசி போடவோ வெட்டிப் பரிசோதிக்கவோ முன் இந்த நோயை நினைக்க வேண்டும். குத்திய இடத்திலேயே புதிய எலும்பு வளரும்.

படத்தில் தெரிவதை மட்டும் சொல்லும் சொற்களும் உண்டு. நாட்பட்ட குடல் அழற்சியான குரோன் நோயில் குடலின் உட்புறம் கல் பாவிய தெருப்போல மேடுபள்ளமாகத் தெரியும். அதைக் ‘குடலில் கற்கள்’ என்று எழுதக்கூடாது. மூளை நடுவிலுள்ள கூம்புச் சுரப்பியில் கல்சியம் மணல்போலப் படிவது வளர்ந்தவர்களில் சாதாரணம். இடுப்புப் பகுதி நாளங்களில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளும் அப்படியே, ஆனால் சிறுநீர்க்குழாய்க் கல்லென்று மயங்க வைக்கும். இரண்டுக்கும் ‘தீங்கற்ற கல்சியப் படிவு’ என்று எழுதினால் முடிந்தது. இமைக்குள் வரும், ‘கலாசா’வின் பேரால் அழைக்கப்படும் வீக்கத்துக்கு ‘இமைக் கட்டி’ போதும், 10 நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று நாலு முறை இளஞ்சூட்டு ஒத்தடம். பல்லில் படிவதைப் ‘பற்காரை’ என்று தமிழர் முன்பே சரியாக அழைத்திருக்கிறார்கள். சுவரில் பூசும் காரையை அறிந்தவர்கள் கண்ட சொல் அது. தேடினால் இப்படி இன்னும் அகப்படும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவத் தமிழ் இந்த நாட்டில் நேற்று முளைத்தது அல்ல.

அச்சுக்கு அனுப்பும் முன் செய்ய ஒன்று உண்டு, செலவில்லாதது. கிளினிக் வரிசையில் இருக்கும் ஐந்து பேரிடம் தாளைக் கொடுங்கள். வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்தார், கொட்டாஞ்சேனைக்காரர், மருதானை முஸ்லிம் பெண், மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த இளைஞர் என்று பேச்சுவழக்கு கலந்திருக்கட்டும். ‘விளங்கிச்சா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்பார்கள், ஆமா என்பார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்றைக் கேளுங்கள். உடம்பில் எந்த இடம்? அது கரையுமா, வெளியேறுமா, அப்படியே இருக்குமா? எது நடந்தால் இரவென்றும் பாராமல் வர வேண்டும்? ஐவரில் ஒருவர் பிழையாகச் சொன்னாலும் அவர் பிழைவிட்ட வரியை மாற்றி எழுதி, வேறு ஐவரிடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த இயலாது என்பதை அறிவோம். கல்லடைப்புத் தாளிலிருந்து தொடங்குங்கள். இப்போது பல தாள்களில் கடைசிப் பந்தியில் சிறிய எழுத்தில் கிடக்கும் வரியைத் தலைப்புக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள்: ‘விலா வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அல்லது சிறுநீர் போவது நின்றால், காலை வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.’

இப்படிக்கு,
கொழும்பில் மருத்துவத் தமிழாக்கத்திலும் நோயாளருக்கு விளக்கமளிக்கும் பணியிலும் இருப்போர்